நைஜீரியாவின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி: ஐந்து உலகக் கோப்பைகளும் இடையில் விடுபட்ட ஆண்டுகளும்

17 வயதுக்குட்பட்டோருக்கான கால்பந்து உலகக் கோப்பையை நைஜீரியா ஐந்து முறை வென்றிருக்கும்போது அண்மைக்காலத் தொடர்களில் அந்த அணியை ஏன் காணவில்லை, அந்த வெற்றிகள் வீரர்களின் வயதை மறைத்துப் பெற்றவை என்ற பேச்சில் எவ்வளவு உண்மை, இளையோர் அணி எட்டிய உயரத்தை மூத்தோர் அணியால் ஏன் எட்ட முடியவில்லை என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால், அணியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போகும் வழியில் அவற்றுக்கு விடை சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொடர் 1985 முதல் 2025 வரை 20 முறை நடந்துள்ளது. நைஜீரியா கலந்துகொண்டது 12 முறை. அந்த 12இல் 8 முறை இறுதியாட்டம் வரை சென்று, 5 முறை கோப்பையை வென்றது. அடுத்த இடத்தில் உள்ள பிரேசிலிடம் இருப்பவை நான்கு கோப்பைகள். இதே நைஜீரியா, 1995இல் தொடங்கிய, உலகத் தொடருக்கான தகுதிப் போட்டியாகவும் அமையும் ஆப்பிரிக்க இளையோர் கோப்பையை 2001, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே வென்றிருக்கிறது. ஆகவே, இந்த அணிக்கு உலகத்தை வெல்வதைக் காட்டிலும் தன் கண்டத்தைத் தாண்டி வருவதே கடினமாக இருந்திருக்கிறது. நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1985இல் சீனாவில் ஃபிஃபா இந்தத் தொடரை முதன்முறையாக நடத்தியபோது வயது வரம்பு 16. அது 17 ஆனது 1991இல்தான். செபாஸ்டியன் பிராட்ரிக் இமாசுவென் பயிற்சியளித்த, நிடுகா உக்பாடே தலைமையேற்ற நைஜீரிய அணி, அரையிறுதியில் கினியாவைப் பெனால்டி ஷூட் அவுட்டில் கடந்து, பெய்ஜிங்கில் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்றது. கோல் அடித்தவர்கள் ஜொனாதன் அக்போபோரி, விக்டர் இக்பினோபா. எந்த வயதுப் பிரிவானாலும் சரி, ஃபிஃபா நடத்தும் உலகத் தொடர் ஒன்றை ஆப்பிரிக்க நாடு வென்றது அதுவே முதல்முறை. 'கோல்டன் ஈக்லெட்ஸ்', அதாவது பொற்கழுகுக் குஞ்சுகள் என்ற பெயர் அந்த வெற்றியிலிருந்தே நிலைத்தது. மூத்தோர் அணியின் பெயர் 'சூப்பர் ஈகிள்ஸ்' என்பதை நினைவில் கொண்டால், குஞ்சுகளிடம் அந்நாட்டு மக்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது விளங்கும்.

1987இல் கனடாவில் மீண்டும் இறுதிக்கு வந்து, சோவியத் யூனியனிடம் 1-1 என்ற சமநிலைக்குப் பின் ஷூட் அவுட்டில் தோற்றார்கள். அத்தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து நைஜீரியாவின் பிலிப் ஒசோண்டுவுக்குக் கிடைத்தது. 1989இல் ஸ்காட்லாந்தில் காலிறுதியிலேயே, பின்னர் கோப்பையை வென்ற சவூதி அரேபியாவிடம், அதுவும் ஷூட் அவுட்டில் வெளியேறினார்கள். அதே ஆண்டில் வந்தது பெரிய அடி. 1988 ஒலிம்பிக்கில் ஆடிய மூன்று நைஜீரிய வீரர்களின் பிறந்த தேதி, அவர்களே முந்தைய தொடர்களில் கொடுத்திருந்த தேதியோடு பொருந்தவில்லை என்று ஃபிஃபா கண்டறிந்து, அந்நாட்டின் இளையோர் அணிகளைச் சர்வதேச ஆட்டங்களிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கியது. 1991இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தொடரை நடத்தும் வாய்ப்பும் பறிபோய்ப் போர்ச்சுகலுக்குச் சென்றது. 17 வயதுக்குட்பட்டோர் அணியும் 1991 தொடரில் இல்லை. எனவே வயது பற்றிய சந்தேகத்தைப் பொறாமைக்காரர்கள் கிளப்பிய புரளி என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஆவணத்தில் பதிந்த தண்டனை.

தடை முடிந்து திரும்பிய அணி 1993இல் ஜப்பானில் ஆடியது. நான் அறிந்த இளையோர் அணிகளில் ஆகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அதை வைப்பேன். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதற்குப் பதில் காலால் உதைத்து உள்ளே அனுப்பும் முறையை ஃபிஃபா சோதித்துப் பார்த்த தொடர் அது. அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. ஃபேனி அமுன் பயிற்சியளித்த நைஜீரியா முதல் சுற்றில் கனடாவை 8-0 என்றும் அர்ஜென்டினாவை 4-0 என்றும் வீழ்த்தியது. காலிறுதியில் ஹிடெடோஷி நகாட்டா ஆடிய ஜப்பானை 2-1 என்று வென்றது. டோக்கியோவில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரே நின்றது கானா. 1991 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு முறை இறுதிக்கு வந்து இருமுறை வென்ற அணி அது. அந்தக் கானாவையும் 2-1 என்று வென்று நைஜீரியா கோப்பையை எடுத்தது. கேப்டன் வில்சன் ஒருமா அதிகக் கோல் அடித்தவர். அவருடன் ஆடியவர்களில் நுவாங்கோ கானு, செலஸ்டின் பாபயாரோ என்ற பெயர்களைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அரையிறுதியில் பிரேசிலை 4-3 என்றும், இறுதியில் அர்ஜென்டினாவை 3-2 என்றும் வென்று தங்கம் பெற்ற அணியில் இவர்கள் மூவரும் இருந்தார்கள். கானுதான் அதன் கேப்டன். இளையோர் அணியில் கண்டெடுத்த ஒரு கூட்டத்தைக் கலைக்காமல் மேலே கொண்டுசென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு நைஜீரியாவிலேயே உள்ள சான்று இது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு வரும்போது இதை மீண்டும் சொல்வேன்.

அதன் பிறகு நீண்ட தொய்வு. 1995இல் காலிறுதியோடு முடிந்தது. 1997, 1999 தொடர்களுக்குத் தகுதியே பெறவில்லை. 2001இல் டிரினிடாட்டில் இறுதிக்கு வந்து, ஒன்பது கோல் அடித்த சினாமா பொங்கோலின் பிரான்ஸிடம் 3-0 எனத் தோற்றார்கள். அந்த அணியின் ஃபெமி ஒபபுன்மி அடுத்த ஆண்டே, 17 வயதில், மூத்தோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார். கண் அழுத்த நோயால் பார்வை பாதிக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. 2003இல் ஜான் ஓபி மிக்கேல் இருந்தும் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. இதுவரை ஆடிய 12 தொடர்களில் நைஜீரியா முதல் சுற்றோடு திரும்பியது அந்த ஒருமுறைதான். 2005இல் தகுதி இல்லை.

2007 தென்கொரியத் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அணிகளின் எண்ணிக்கை 16இலிருந்து 24 ஆக உயர்ந்த தொடர் அது. பயிற்சியாளர் யெமி டெல்லா நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்தினார். பையன்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் உறுதியானார்கள். பிரான்ஸ், கொலம்பியா, அர்ஜென்டினா என்று ஒவ்வொன்றாகக் கடந்து, அரையிறுதியில் டோனி குரோஸ் ஆடிய ஜெர்மனியை 3-1 என வென்றார்கள். சியோலில் ஸ்பெயினுக்கு எதிரான இறுதியாட்டம் கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. அரையிறுதியில் சிவப்பு அட்டை பெற்றதால் ஸ்பெயினின் முன்கள வீரர் போயான் அந்த ஆட்டத்தில் இல்லை. ஸ்பெயினின் கோல்கீப்பராக நின்றவர் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற டாவிட் டி கெயா. ஷூட் அவுட்டில் ஸ்பெயின் எடுத்த மூன்று உதைகளில் ஒன்றுகூடக் கோலாகவில்லை. நைஜீரியாவின் மூன்றும் கோலாயின. 3-0 என்று அங்கேயே முடிந்தது. கோப்பையோடு நாடு திரும்பிய டெல்லா அடுத்த மாதமே இறந்துபோனார். நைஜீரியக் கால்பந்தில் அவருடைய பெயர் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2009இல் நைஜீரியாவே தொடரை நடத்தியது. அபுஜாவில் நடந்த தன் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 0-3 என்று பின்தங்கி, சொந்த மக்கள் முன்னால் மூன்று கோல்களையும் திருப்பியடித்து 3-3 என முடித்தது. காலிறுதியில் சோன் ஹியூங் மின் ஆடிய தென்கொரியாவையும், அரையிறுதியில் ஸ்பெயினையும், இரண்டையுமே 3-1 என்று வென்றது. இறுதியில், இத்தொடரில் முதன்முறையாகக் கலந்துகொண்டு தன் ஏழு ஆட்டங்களையும் வென்ற ஸ்விட்சர்லாந்திடம் செஃபெரோவிச் அடித்த ஒரே கோலில் தோற்றது. கிரானிட் ஷாக்கா, ரிக்கார்டோ ரோட்ரிகஸ் இருவரும் அந்த ஸ்விஸ் அணியில் இருந்தவர்கள்.

வயது பற்றிய உங்கள் கேள்விக்கு 2009ஆம் ஆண்டே திருப்புமுனை. அந்தத் தொடரில்தான் ஃபிஃபா, மணிக்கட்டை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முடியும் இடத்தில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. வளரும் வயதில் அது ஸ்கேனில் ஒரு கோடாகத் தெரியும். வயது ஏற ஏற எலும்போடு எலும்பாகச் சேர்ந்து மறையும். சேர்க்கையின் அளவை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் படி, அதாவது முழுமையாகச் சேர்ந்துவிட்ட நிலை, 17 வயதுக்குக் கீழே மிக அரிது. அந்த நிலையில் உள்ளவரை அணியில் சேர்க்க முடியாது. ஆனால் இந்தச் சோதனை ஒருவர் பிறந்த தேதியைச் சொல்லாது. எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே சொல்லும். எலும்பு மெதுவாக முதிரும் 18 வயதுக்காரர் இதில் தேறிவிடவும் கூடும். அப்படி இருந்தும், வெறும் காகிதச் சான்றிதழை நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். பிறப்புப் பதிவு எல்லா ஊர்களிலும் ஒழுங்காக நடக்காத நாட்டில், கால்பந்து ஒன்றே குடும்பத்தைக் கரையேற்றும் என்று நம்பும் பையன் இரண்டு மூன்று ஆண்டுகளைக் குறைத்துச் சொல்வதற்கான தூண்டுதல் எவ்வளவு பெரியது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பொய் சொல்லும் பையனைக் காட்டிலும், அதைத் தெரிந்தே ஏற்கும் பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். உண்மையான வயதுள்ள இன்னொரு பையனின் இடம் அதனால் பறிபோகிறது.

1985, 1987, 1993 அணிகளின் ஒவ்வொரு வீரருக்கும் என்ன வயது என்று இன்று யாரும் நிரூபிக்க முடியாது. அதனால் அந்த வெற்றிகளை முழுமையாகத் தூக்கிப்பிடிப்பதும் முழுமையாகத் தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் எம்ஆர்ஐ சோதனை வந்த பிறகும் நைஜீரியா இரண்டு முறை, அதுவும் அடுத்தடுத்து, கோப்பையை வென்றது. "எல்லாம் வயது மோசடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இந்த இரண்டு வெற்றிகளுக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

முதலாவது 2013, ஐக்கிய அரபு அமீரகத்தில். மனு கர்பா பயிற்சியாளர். 1985இல் கேப்டனாகக் கோப்பை ஏந்திய நிடுகா உக்பாடே அவருக்குத் துணைப் பயிற்சியாளர். அந்த ஆண்டின் ஆப்பிரிக்க இளையோர் கோப்பை இறுதியில் இவர்கள் ஐவரி கோஸ்ட்டிடம் ஷூட் அவுட்டில் தோற்றிருந்தார்கள். உலகத் தொடரின் முதல் ஆட்டத்திலோ, நடப்புச் சாம்பியனான மெக்சிகோவை 6-1 என்று நொறுக்கினார்கள். கெலேச்சி இஹியனாச்சோ மட்டும் நான்கு கோல். சுவீடனோடு 3-3 என்று ஒரு தடுமாற்றம். பிறகு ஈராக் 5-0, ஈரான் 4-1, உருகுவே 2-0, மறுபடி சந்தித்த சுவீடன் 3-0. அபுதாபியில் நடந்த இறுதியில் மறுபடி மெக்சிகோ, 3-0. ஏழு ஆட்டங்களில் 26 கோல் அடித்து, 5 வாங்கினார்கள். எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது ஆடிய விதம். உடல் பலத்தால் முட்டி மோதி வென்றார்கள் என்று இந்த அணியைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. பந்தைத் தரையோடு தரையாகக் குறும்பாஸ்களில் கடத்தி, எதிரணியின் நடுக்களத்தைக் கலைத்துவிட்டு உள்ளே போனார்கள். தங்கப் பந்து இஹியனாச்சோவுக்கும், சிறந்த கோல்கீப்பர் விருது டேலே அலம்பாசுவுக்கும் கிடைத்தன.

2015இல் சிலிக்குப் போன அணிக்குப் பயிற்சியாளர் இம்மானுவல் அமுனிகே. 1994இல் மூத்தோருக்கான ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் இரண்டு கோல்களும், 1996 ஒலிம்பிக் இறுதியில் வெற்றிக் கோலும் அடித்தவர் அவர். அவருடைய அணியில் விக்டர் ஒசிமென் இருந்தார். லாகோஸ் நகரத்தில் ஒலுசோசுன் பகுதியில் வளர்ந்து, சிறுவயதில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே ஓடி ஓடித் தண்ணீர் பாக்கெட் விற்றவர். முதல் சுற்றில் குரோஷியாவிடம் தோற்றாலும் நாக் அவுட்டில் ஆஸ்திரேலியாவை 6-0, பிரேசிலை 3-0, மெக்சிகோவை 4-2 என்று நைஜீரியா வென்றது. வினா டெல் மாரில் நடந்த இறுதியில், அந்த ஆண்டின் ஆப்பிரிக்கச் சாம்பியனான மாலியை 2-0 என்று வீழ்த்தியது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் உட்பட ஒசிமென் அடித்தவை மொத்தம் 10 கோல்கள். இத்தொடரின் வரலாற்றில் ஒருவர் ஒரே தொடரில் அதுவரை அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. தங்கப் பந்து கேப்டன் கெலேச்சி நுவகாலிக்குப் போனது.

இப்படி இருமுறை தொடர்ந்து வென்ற அணி, 2017இல் இந்தியா நடத்திய தொடருக்கு வரவில்லை. தகுதிச் சுற்றில் அதை வெளியேற்றியது அண்டை நாடான நைஜர். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் ஜீக்சன் சிங் அடித்த கோலை நம் ஊரில் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே தொடரில் கொச்சியில் வட கொரியாவை வென்ற நைஜரை, நைஜீரியாவின் இடத்தில் வந்து நின்ற அணியாகவே நான் பார்த்தேன். அந்தத் தகுதிச் சுற்றுக்குச் சற்று முன்பு, 2016 ஆகஸ்டில், பயிற்சி முகாமில் இருந்த 60 பேரில் 26 பேர் எம்ஆர்ஐ சோதனையில் தேறாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஏறத்தாழப் பாதிக் கூடாரம் காலியான பிறகு சில வாரங்களில் புதிய அணி கட்டுவது எந்தப் பயிற்சியாளராலும் ஆகாத காரியம்.

முதலில் சொன்ன கணக்கின் காரணம் இங்கேதான் இருக்கிறது. இளையோர் அணிக்குத் தொடர்ச்சி என்பதே கிடையாது. மூத்தோர் அணியில் ஒரு நல்ல வீரர் பத்தாண்டு ஆடுவார். இங்கோ, தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த 2023 வரை, ஒவ்வொரு முறையும் அத்தனை பேரும் வயது கடந்து போனார்கள், அணியை வெறுந்தரையிலிருந்து மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கழகங்களில் 12, 13 வயதிலிருந்தே பையன்களின் பதிவேடு இருக்கும். நைஜீரியாவில் பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய்த் திறந்த தேர்வு நடத்தித்தான் பலரையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் கொடுத்த ஆண்டுகளில் இவ்வளவு பெரிய நாட்டின் திறமை முழுதும் அணியில் இறங்கியது. உலகத் தொடருக்குள் நுழையும்போதே மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்கிப் பயின்ற குழுவாக இருந்ததால், அங்கே எட்டு முறை இறுதி வரை போக முடிந்தது. தகுதிச் சுற்று வருவதோ அந்தப் பயிற்சி முற்றுவதற்கு முன்பே. எதிரே நிற்கும் கானா, ஐவரி கோஸ்ட், புர்க்கினா ஃபாசோ, நைஜர் போன்ற அணிகள் நைஜீரியப் பையன்களைக் கண்டு மிரளுவதில்லை. பெனால்டி ஒன்றோ, மோசமான மாலைப்பொழுது ஒன்றோ இரண்டு ஆண்டு உழைப்பை முடித்துவிடக்கூடியதாக இருந்தது.

2019இல் பிரேசிலில் முதல் நாக் அவுட் ஆட்டத்திலேயே நெதர்லாந்திடம் 3-1 எனத் தோற்றார்கள். மூன்று கோல்களையும் அடித்தவர் சோன்ட்யே ஹான்சன். 2021 தொடர் கொரோனாவால் கைவிடப்பட்டது. 2023இல் ஆப்பிரிக்க இளையோர் கோப்பைக் காலிறுதியில் புர்க்கினா ஃபாசோவிடம் தோற்றதால் உலகத் தொடருக்கு இடம் கிடைக்கவில்லை. 2025இல் கத்தாரில் அணிகளின் எண்ணிக்கை 48 ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து பத்து நாடுகள் போயின, அந்தப் பத்திலும் நைஜீரியா இல்லை. முந்தைய காலத்தில் நான்கு இடங்களுக்காக நடந்த போட்டியில் விடுபட்டதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பத்து இடங்கள் இருந்தும் விடுபட்டதற்கு அந்தச் சொல் பொருந்தாது. தேர்வு முறையிலேயே பழுது இருக்கிறது.

இனி மூத்தோர் அணி பற்றிய கேள்வி. 1994, 1998, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் நைஜீரியா 16 அணிகள் கொண்ட சுற்று வரை போனது. அதைத் தாண்டியதில்லை. 17 வயதில் வெல்வது 25 வயதில் வெல்வதற்கு உத்தரவாதம் ஆகாது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான உண்மை. நைஜீரியாவுக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. தொடர் முடிந்த சில மாதங்களில் பையன்கள் ஆளுக்கொரு திசையாக ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். 2007இல் ஏழு கோல்களோடு முதலிடம் பெற்ற மக்காலி கிரிசாண்டஸை ஜெர்மனியின் ஹாம்பர்க் கழகம் எடுத்துக்கொண்டு, வேறு கழகங்களுக்குக் கடன் முறையில், அதாவது ஒப்பந்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தற்காலிகமாக ஆட, அனுப்பியது. அதே தொடரின் தங்கப் பந்தை வாங்கிய குரோஸ் ஏழு ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பையையே வென்றார். நுவகாலி இங்கிலாந்துக் கழகமான ஆர்சனலில் சேர்ந்து முதல் அணிக்கு ஒருமுறைகூட ஆடாமல் வெளியேறினார். 2013 அணியின் தைவோ அவோனியை லிவர்பூல் 2015இல் வாங்கியது. பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்காததால் ஆண்டுதோறும் ஒரு நாட்டுக்குக் கடனாகப் போய்க்கொண்டே இருந்து, 2021இல் அந்தக் கழகத்துக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே பிரிந்தார். ஒசிமென் நாப்போலிக்கு 2022-23இல் இத்தாலியச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றுத் தந்து, 2023இன் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் ஆனது உண்மைதான். ஆனால் அவரோடு சிலியில் ஆடியவர்களில் சாமுவேல் சுக்குவேசேயைத் தவிர வேறு யாரும் அந்த அளவுக்கு நிலைகொள்ளவில்லை. 1993இன் கூட்டம் மூன்றே ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம் வரை போனது. 2013, 2015 அணிகளுக்கு அப்படி ஓர் அடுத்த படியை யாரும் அமைத்துத் தரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நைஜீரியா வெண்கலம் வென்றபோது, அந்த இரண்டு தலைமுறைகளின் முதன்மையான பெயர்களான இஹியனாச்சோவும் ஒசிமெனும் அணியில் இல்லை.